மாதவிடாய் நின்ற பிறகு அடிக்கடி நீர்க்கடுப்பும் சிறுநீர்க் கசிவும் வருகின்றன. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளலாமா?

குறைக்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாதவிடாய் நின்று இரண்டு வருடம், தும்மினாலே துணி நனைகிறது, வேலைக்குப் போகும் நாட்களில் காலை டீயோடு சரி, மதியம் வரை தண்ணீரே குடிப்பதில்லை, தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போக முடியுமா என்று பயமாக இருக்கிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வயதைப் போடவில்லை. ஐம்பதை ஒட்டியவர், பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர், போகிற இடத்தில் கழிப்பறை சரியில்லை என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் இதைக் கேட்கிற பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

நான் மருத்துவர் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்து, அதே பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்ந்தவள். பனியன் கம்பெனிக்காரிக்கு இதில் என்ன தெரியும் என்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போகலாம். காலையிலிருந்து மேஜை முன்னால் நின்றபடி துணியைப் புரட்டும் பெண்களில் யார் தண்ணீர் பாட்டிலைத் தொடுவதே இல்லை என்று பார்த்துப் பழகிய கண் எனக்கு. பீஸ் ரேட் வேலையில் எழுந்து போனால் காசு போகும். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் கேட்கவே வேண்டாம். நான் வேலை பார்த்த காலத்தில் நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பெண்களுக்குத் தனியே மறைவான கழிப்பறை வேண்டும், ஆலையில் இருக்கும் நேரம் முழுவதும் எளிதில் போய்வரும்படி இருக்க வேண்டும் என்றது. கழிப்பறை இருக்கத்தான் செய்தது. எழுந்து போகிறவளைச் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வைக்குத்தான் அந்தச் சட்டத்தில் பிரிவு எதுவும் இருக்கவில்லை.

எனக்கு 49 வயதில் மாதவிடாய் நின்றது. அடுத்த வருடமே நீர்க்கடுப்பு தொடங்கியது. எங்கள் ஊரில் இதற்கு ஒரே காரணம்தான்: சூடு. கொள்ளுப் பருப்பு சாப்பிட்டால் சூடு, கோழி சாப்பிட்டால் சூடு, வெயிலில் களத்துக்குப் போனால் சூடு. என் நங்கையாள், அதாவது கணவரின் அக்கா, தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னார். ஊறவைத்த வெந்தயம், இளநீர், நீர்மோர், வாழைத்தண்டு என்று வரிசையாக வந்தன. இவற்றைக் கேலி செய்ய மாட்டேன். இளநீரும் மோரும் உடம்புக்குள் போகிற நீர்தான். வாழைத்தண்டு மலச்சிக்கலுக்கு நல்லது, மலச்சிக்கல் இருந்தால் சிறுநீர்ப்பைத் தொல்லை கூடும். ஆனால் சூடு என்று ஒருமுறை பேர் வைத்துவிட்டால் யாரும் பரிசோதனைக்குப் போவதில்லை. என் கோபம் அங்கேதான்.

அடுத்தது மருந்துக்கடை. கேட்ட உடனே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். மூன்று நாளில் எரிச்சல் அடங்கும், அடுத்த மாதம் திரும்ப வரும். பிறகு போன மருத்துவரோ நாற்காலியை விட்டு எழாமலே, "வயதானால் அப்படித்தான் அம்மா" என்று சொல்லி அதே மாத்திரையை எழுதினார். சிறுநீரைக்கூடச் சோதிக்கவில்லை.

கோயம்புத்தூரில் நான் கடைசியாகப் பார்த்த பெண் மருத்துவர் மாத்திரைக்கு முன்னால் கல்ச்சர் பரிசோதனை, அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை, கேட்டார். கிருமி எதுவும் வளரவில்லை என்று முடிவு வந்தது. ஆனால் எரிச்சல் இருந்தது! அப்படியென்றால் நான் பொய் சொல்கிறேனா என்று எனக்கே குழப்பம். அவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன். பிறப்புறுப்பு, சிறுநீர் வெளியே வரும் நீர்த்தாரை, சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதி மூன்றும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை நம்பி இருப்பவை. மாதவிடாய் நின்றதும் அது குறைகிறது. உட்தோல் மெலிந்து உலர்கிறது. அங்கே குடியிருந்து அமிலத்தன்மையைக் காத்துவந்த நல்ல பாக்டீரியாக்கள், தயிரில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் இனத்தைச் சேர்ந்தவை, குறைந்துபோகின்றன. குடலிலிருந்து வரும் ஈ. கோலை போன்ற கிருமிகளுக்கு வழி திறந்துவிடுகிறது. அதனால் சிலருக்குத் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. சிலருக்குத் தொற்று இல்லாமலே எரிகிறது, அடிக்கடி போகவேண்டும் போல இருக்கிறது. இந்தத் தொல்லைகள் எல்லாவற்றையும் சேர்த்து 2014இல்தான் மருத்துவர்கள் ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தார்கள். உடம்பில் குப்பென்று பரவும் வெப்பம் பெரும்பாலானவர்களுக்குச் சில வருடங்களில் தணிந்துவிடும். இது சிகிச்சை இல்லாமல் தானாகத் தணிவது அபூர்வம்.

அவர் எழுதிக்கொடுத்தது குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம். உள்ளே தடவுவது. முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், அதன்பிறகு வாரம் இருமுறை. டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளில் புற்றுநோய், ரத்தம் உறைதல் என்று படித்துவிட்டு என் மகன் அதை ஒளித்தே வைத்துவிட்டான். இப்போதும் 'ஹார்மோனா, ஐயோ' என்று வரப்போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: விழுங்கும் ஹார்மோன் மாத்திரை வேறு, இது வேறு. இந்த அளவில் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. அடிக்கடி தொற்று வந்த, மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்தி 1993இல் வெளியான ஆய்வில், கிரீம் பயன்படுத்தியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.5 முறையும், மருந்து சேர்க்காத வெற்றுக் கிரீம் பயன்படுத்தியவர்களுக்கு 5.9 முறையும் தொற்று வந்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஹார்மோனே வேண்டாம் என்பவர்களுக்கு வறட்சி நீக்கும் ஜெல் இருக்கிறது, ஆனால் அது வறட்சிக்கு மட்டும்தான் உதவும். எனக்குக் கிரீமின் பலன் தெரியச் சில வாரங்கள் பிடித்தன. முதல் வாரத்திலேயே தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இனி கசிவு. இதில் இரண்டு வகை. இருமல், தும்மல், குடம் தூக்குதல், சிரிப்பு என்று வயிறு அழுத்தும்போது கசிவது ஒன்று. வாசல் கேட்டைத் திறக்கும்போதே அடக்க முடியாமல் ஓடவைப்பது மற்றொன்று. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். முதல் வகைக்கு, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சி. பிரசவங்களிலும் வயதிலும் தளர்ந்த இந்தத் தசை, துவைத்துத் துவைத்து இழுவை போன இடுப்பு எலாஸ்டிக் மாதிரி. ஒரு வித்தியாசம், எலாஸ்டிக்கை மாற்றத்தான் முடியும், தசையைத் திரும்பப் பழக்கலாம். இதை மருத்துவ உலகத்தில் பரப்பியவர் ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர். அவர் கட்டுரை வெளியானதும் நான் மேலே சொன்ன சட்டம் வந்த அதே 1948இல்தான்.

செய்முறை: காற்றுப் பிரிவதையும் சிறுநீரையும் ஒன்றாக அடக்குவது போல உள்ளே மேல்நோக்கி இறுக்கிப் பிடித்து, பிறகு முழுவதும் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக்கூடாது, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கக்கூடாது. ஒரு தடவைக்குக் குறைந்தது எட்டு, நாளைக்கு மூன்று தடவை, மூன்று மாதமாவது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகச் சொல்வார்கள். அதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள், பை முழுதாகக் காலியாகாது. இருமல் வரப்போகிறது என்று தெரிந்தால் அதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்கிக்கொள்ளுங்கள். எனக்கு முதலில் கைகொடுத்தது இந்த ஒன்றுதான். சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.

இரண்டாவது வகைக்கு, உந்துதல் வந்த உடனே ஓடாமல் நின்று, தசையை இறுக்கி, அலை தணிந்த பிறகு நிதானமாகப் போகப் பழகவேண்டும். ஒருமுறை போனதற்கும் அடுத்த முறைக்கும் உள்ள இடைவெளியைக் கால் மணி நேரம் கால் மணி நேரமாகக் கூட்டலாம். டீ, காபியைக் குறைக்கவேண்டும். திருப்பூரில் இருந்துகொண்டு டீயைக் குறைக்கச் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள். தண்ணீர் மட்டும் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போகவேண்டும், வெயில் காலத்தில் இன்னும் கூட. இதய, சிறுநீரக நோயாளிகள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவை மீறக்கூடாது. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் அரிக்கும், உள்ளே புகுந்த கிருமி கழுவிப் போகாது. கூடவே சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஏறியிருந்தாலும் அடிக்கடி போகத் தோன்றும்.

பொதுவெளியில் இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று ஒரு பெரியவர் நிச்சயம் கேட்பார். காங்கேயம் பக்கத்தில் என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, இருந்தார். கடைசிப் பத்து வருடம் கல்யாணம், காதுகுத்து, சீர் எதற்கும் வரவில்லை. சொத்துத் திமிர் என்று சொந்தங்கள் பேசின. அவர் பெட்டியில் மடித்து அடுக்கியிருந்த பழைய வேட்டித் துணிகள் எதற்கு என்று அவர் போன பிறகு அம்மாவுக்குத்தான் தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

இப்போது கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்று. என் மகன் வீடு கட்டினான். வாஸ்து பார்த்தவர் ஈசானிய மூலையில் கழிப்பறை கூடாது, கன்னி மூலையிலும் கூடாது, அக்னி மூலையிலும் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் வாயு மூலையில், வீட்டுக்கு வெளியே, வாசல் தாண்டிக் கொண்டுபோய் வைத்தார். மாடியில் மகனுக்கு மட்டும் படுக்கையறையோடு சேர்த்து ஒன்று. அந்த மாடிக்கு வாஸ்து பொருந்தாதாம். ராத்திரி நான் டார்ச்சும் கையுமாக நாயைத் தாண்டிப் போகவேண்டும். ஈஸ்ட்ரோஜன் குறைந்த உடம்பில் எலும்பும் மெலிகிறது. இருட்டில் அவசரமாக ஓடி வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஒரு வருடம் சண்டை போட்டு என் அறைக்குப் பக்கத்திலிருந்த சாமான் அறையை இடித்துக் கழிப்பறை கட்டவைத்தேன். "லட்சுமி போய்விடுவாள் அம்மணி" என்றார் நங்கையாள். போனால் போகட்டும் என்றேன்.

சிறுநீரில் ரத்தம், மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு மறுபடி ரத்தப்போக்கு, நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாவுக்குப் பின்னால் வலியும், கீழே ஏதோ இறங்கி வருவது போன்ற உணர்வு: இதில் எது இருந்தாலும் என் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். ஆறு மாதத்தில் இருமுறையோ வருடத்தில் மூன்று முறையோ தொற்று வந்தால் மருந்துக்கடையோடு நிற்காமல் கல்ச்சர் கேளுங்கள். போவதற்கு முன் மூன்று நாள், எப்போது எவ்வளவு குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு "வயதானால் அப்படித்தான்" என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

பழனிக்குத் தாராளமாக நடங்கள். தைப்பூசம் தை மாதத்தில்தானே, பயிற்சியை இன்றே தொடங்குங்கள். பெண்கள் நிறைய இருக்கும் குழுவோடு சேருங்கள். கழிப்பறை உள்ள மண்டபங்களில் நிறுத்துவார்களா என்று பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள். மாதவிடாய்க்கு வாங்கும் பேடு சிறுநீரைத் தாங்காது. கசிவுக்கென்றே தனிப் பேடு மருந்துக்கடையில் கிடைக்கிறது. நனைந்ததை மாற்றாமல் நடந்தால் தாராபுரம் தாண்டுவதற்குள் தொடை உரிந்துவிடும், அதனால் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.