மக்பெத்தின் காலி நாற்காலி

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகளுக்கு 16 வயது. ஷேக்ஸ்பியரின் மக்பெத் அவளுக்குப் பாடமாக இருக்கிறது. சொல்லிக்கொடுப்பது நான்தான். தேர்வு நெருங்கிவிட்டது, வரிவரியாகப் படிக்க நேரமில்லை. ஒரு நல்ல படத்தைக் காட்டிவிட்டால் கதை மனதில் பதிந்துவிடும் என்று நினைக்கிறேன். தேடினால் நிறையப் படங்கள் வருகின்றன. மூலத்துக்கு மிக நெருக்கமானது எது? ரத்தம் அதிகம் இல்லாததாக இருந்தால் நல்லது. படித்துவிட்டுப் பார்க்க வேண்டுமா, பார்த்துவிட்டுப் படிக்கலாமா? அவளுக்கு நாடகமே சலிப்பாக இருக்கிறது. "இந்த ஆள் ஏன் இவ்வளவு பேசுகிறான், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே" என்கிறாள்.

ர.

அன்புள்ள ர.,

கடைசி வரியை நீங்கள் புகாராக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த நாடகத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். ஒரு குழந்தை இவ்வளவு நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள், அதைச் சலிப்பு என்று எழுதிவிட்டு அவளை உட்காரவைக்கப் படம் தேடுகிறீர்கள். எனக்கு வருத்தம் அதில்தான். கொஞ்ச காலமாக மக்பெத் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குள்ளும் கிட்டத்தட்ட இதே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். படித்துவிட்டுப் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா? எப்படியும் செய்யலாம். இந்த நாடகம் அச்சானதே 1623இல், ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு வருடம் கழித்து. அதற்கு முன் அரங்கில் பார்த்தவர்கள் யாரும் படித்துவிட்டு வந்து உட்காரவில்லை. ரத்தமா? இரண்டாவது காட்சியிலேயே ஒரு வீரன் ரத்தம் வடிய வந்து நின்று போரை விவரிக்கிறான். ரத்தம் வேண்டாம் என்றால் வேறு நாடகம்தான் தேட வேண்டும். மூலத்துக்கு நெருக்கமா? ஏறக்குறைய எல்லோருமே வரிகளை வெட்டித்தான் எடுத்திருக்கிறார்கள். எத்தனை வரி மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பதால் உங்களுக்கும் அவளுக்கும் எதுவும் கிடைக்கப்போவதில்லை.

"கதை பதிந்துவிடும்" என்கிறீர்களே, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. கதை ஷேக்ஸ்பியருடையதே இல்லை. ஹோலின்ஷெட் என்பவரின் வரலாற்று நூலிலிருந்து எடுத்தது. அந்த நூலில் அரசன் டங்கனைக் கொல்லும் சதியில் மக்பெத்தின் தோழன் பாங்க்வோவுக்கும் பங்கு உண்டு. ஷேக்ஸ்பியர் அவனை அதிலிருந்து விலக்கி, மக்பெத்தைத் தன் மனைவியோடு தனியாக விட்டார். ஒரு தளபதி தன் வீட்டில் தங்க வந்த அரசனைக் கொல்கிறான், அரசனாகிறான், அழிகிறான். இதை நீங்களே பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். இதற்காக ஒரு படத்தையும் அவளுடைய இரண்டு மணி நேரத்தையும் செலவழிப்பது அநியாயம்.

இப்போது அவள் கேள்விக்கு வருகிறேன். இந்த ஆள் ஏன் இவ்வளவு பேசுகிறான்? அவன் செய்ததை நாடகம் நமக்குக் காட்டுவதில்லை. டங்கனின் கொலை மேடையில் நடப்பதே இல்லை. மக்பெத் உள்ளே போகிறான். மனைவி தனியாக நின்று காத்திருக்கிறாள். தூங்கும்போது அந்தக் கிழவர் என் அப்பாவைப் போல் இல்லாமல் இருந்திருந்தால் நானே செய்திருப்பேன் என்கிறாள். அவன் வருகிறான். செய்துவிட்டேன், சத்தம் ஏதாவது கேட்டதா என்கிறான். அப்புறம் இரண்டு பேரும் இருட்டில் பேசிக்கொள்கிறார்கள்: நீங்கள் பேசவில்லையா? எப்போது? இப்போது. நான் இறங்கி வரும்போதா? ஆமாம். ஒவ்வொன்றும் ஒரு சில சொற்கள்தான். அந்த அறைக்குள் நடந்தது முழுவதும் இந்தப் பேச்சு வழியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. உள்ளே தூக்கம் கலைந்த இரண்டு பேர் பிரார்த்தனை செய்தபோது தன்னால் 'ஆமென்' சொல்ல முடியவில்லை என்று மக்பெத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். கத்தியைப் பற்றி அல்ல, அந்த ஆமெனைப் பற்றித்தான் அவனுக்குக் கவலை. கொலையை நாம் கண்ணால் பார்த்திருந்தால் இந்த ஆமென் நம் காதில் விழுந்திருக்காது.

ரோமன் போலன்ஸ்கி 1971இல் எடுத்த படத்தில் கேமரா அந்த அறைக்குள் போய்விடுகிறது. அரசர் கண்விழிக்கிறார், மக்பெத் குத்துகிறான். ஜஸ்டின் கர்சல் 2015இல் எடுத்ததிலும் குத்துவதைப் பார்க்கிறோம். ஜோயல் கோயனின் 2021 படம் எனக்கு மிகவும் பிடித்தது. கறுப்பு வெள்ளையில், டென்சல் வாஷிங்டன் அந்த வரிகளைக் களைத்துப்போன மனிதனின் குரலில் சொல்வதை நான் மறக்க மாட்டேன். அதிலும் கேமரா உள்ளே போகிறது. மூவருமே பெரிய கலைஞர்கள்தான். இருந்தும், கேமரா கையில் இருக்கும்போது கதவுக்கு வெளியே நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள்.

நின்றவர் ஒருவர் உண்டு. அகிரா குரோசாவாவின் 1957 படத்தில் ஷேக்ஸ்பியரின் ஒரு வரிகூடக் கிடையாது. ஜப்பானியக் கோட்டை, ஜப்பானியப் பிரபுக்கள். 'மூலத்துக்கு நெருக்கம்' என்ற உங்கள் அளவுகோலில் முதலில் தள்ளுபடியாவது அதுதான். ஆனால் கணவன் ஈட்டியோடு உள்ளே போனதும் கேமரா மனைவியோடு வெளியே இருந்துவிடுகிறது. அவள் காத்திருக்கிறாள். நாமும் அவளோடு காத்திருக்கிறோம். ரத்தம் படிந்த ஈட்டியோடு அவன் திரும்பி வருகிறான். சொற்களை எல்லாம் விட்டுவிட்டவர், நாடகம் எதை மறைத்ததோ அதை மறைத்தே வைத்திருக்கிறார். நெருக்கம் என்றால் எனக்கு இதுதான் நெருக்கம்.

அடுத்து விருந்துக் காட்சி. மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. பாங்க்வோவைக் கொல்ல ஆள் அனுப்பிவிட்டு மக்பெத் விருந்தில் நிற்கிறான். அவனுடைய இருக்கையில் பாங்க்வோவின் ஆவி உட்கார்ந்திருக்கிறது. அவனுக்கு மட்டும்தான் தெரிகிறது. விருந்தாளிகளுக்குத் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. நீங்கள் வெறித்துப் பார்ப்பது ஒரு வெறும் இருக்கையை என்று அவள் அவனிடம் சொல்கிறாள். நமக்கு அது தெரிய வேண்டுமா? 1611இல் குளோப் அரங்கில் இந்த நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன் என்ற ஜோதிடர், ஆவி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததாகக் குறித்து வைத்திருக்கிறார். அப்போது ஒரு நடிகர் வந்து உட்கார்ந்திருக்கிறார். 1794இல் லண்டனில் ஜான் ஃபிலிப் கெம்பிள் மக்பெத்தாக நடித்தபோது ஆவியை நீக்கிவிட்டு, காலி நாற்காலியைப் பார்த்து நடித்தார்.

என் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் நாற்காலியைத் தூக்கி வகுப்பின் நடுவில் போட்டார். வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு பையனைக் கூப்பிட்டு அதைப் பார்த்து மக்பெத்தின் வரிகளைப் படிக்கச் சொன்னார். நாங்கள் எல்லோரும் விருந்தாளிகள். உங்களுக்கு எதுவும் தெரியவில்லை, இவர் உங்கள் அரசர், அதை மட்டும் நினைவில் வையுங்கள் என்றார். முதலில் சிலர் சிரித்தார்கள். பையன் படிக்க ஆரம்பித்தான். "நான் செய்தேன் என்று நீ சொல்ல முடியாது" என்ற இடத்தில் அவன் குரல் உடைந்தது. நடிப்பா, கூச்சமா, எனக்குத் தெரியாது. சிரிப்பு நின்றுவிட்டது. எங்களுக்கு யாரை எங்கே பார்ப்பது என்று புரியவில்லை. பயமாக இல்லை, அவமானமாக இருந்தது. ஒரு பெரிய மனிதர் நம் கண்ணெதிரே சிதறுகிறார், நாம் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். இவருக்குச் சின்ன வயதிலிருந்தே இப்படி அடிக்கடி வரும், உட்காருங்கள் என்று மனைவி சமாளிக்கிறாள். காட்சியின் தொடக்கத்தில், அவரவர் தகுதி உங்களுக்கே தெரியும், அதன்படி உட்காருங்கள் என்று அரசன் சொல்லியிருந்தான். முடிவில், வரிசை எல்லாம் பார்க்காதீர்கள், உடனே போங்கள் என்று அவள் விரட்டுகிறாள். அந்த அரசு சரிந்தது வாளால் அல்ல, இந்தச் சாப்பாட்டு மேசையில்தான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. ஆவியைக் கண்ணால் பார்த்திருந்தால் நான் ஆவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். விருந்தாளிகளின் முகம் என் நினைவில் தங்கியிருக்காது.

பின்னாளில் ட்ரெவர் நன் இயக்கியதைப் பார்த்தபோது அந்த வகுப்பறை அப்படியே திரும்பி வந்தது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 1976இல் ஒரு சின்ன அரங்கில் நடத்திய நாடகம் அது. 1979இல் தொலைக்காட்சியில் வந்தது. இயன் மெக்கல்லன் மக்பெத், ஜூடி டெஞ்ச் அவன் மனைவி. கோட்டை இல்லை, குதிரை இல்லை, இருட்டும் முகங்களும்தான். கொலை கதவுக்கு அப்பால் நடக்கிறது. விருந்தில் ஆவி கிடையாது. மெக்கல்லனின் கண்ணும் வாயும் கோணுவதைப் பார்க்கிறோம். டெஞ்ச் விருந்தாளிகளைச் சமாளிக்கும்போது அவர் தொண்டையில் நிற்கும் அழுகையைப் பார்க்கிறோம்.

சரி, எந்தப் படம் என்று கேட்டீர்கள். 1979இல் வந்த இதைக் காட்டுங்கள். படமே இல்லை, நாடகத்தை அப்படியே பிடித்து வைத்ததுதானே என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் அவளை உட்காரவைத்துவிட்டு நீங்கள் எழுந்து போய்விடாதீர்கள். முதலில் விருந்துக் காட்சியை மட்டும் இரண்டு பேரும் சத்தமாகப் படியுங்கள். அவள் மக்பெத், நீங்கள் மனைவி. ஆவியைக் காட்டுவதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்யட்டும். ஏன் என்றும் சொல்லட்டும். அதற்கப்புறம் நன் எடுத்த அந்தக் காட்சியையும், ஆவியை நம் கண்ணுக்கும் காட்டுகிற குரோசாவாவின் காட்சியையும் அடுத்தடுத்துப் போடுங்கள். குரோசாவா தன் முடிவுக்கு வேறு காரணம் வைத்திருக்கிறார், அதை அவளே கண்டுபிடிப்பாள். தேர்வு நெருங்குகிறது என்று மறுபடி சொல்லாதீர்கள், இதற்கு ஒரு மாலை போதும். போலன்ஸ்கியின் படத்தில் ரத்தத்தோடு நிர்வாணமும் உண்டு. காட்டலாமா என்பதை உங்கள் அக்காவிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

அவள் ஆவியைக் காட்டினாளா இல்லையா என்று எழுதுங்கள். முடிந்தால் அவளையே எழுதச் சொல்லுங்கள்.