குசினிப் புகை, சிகரெட் மணம்: மெஷினுக்குக் காசு கொடுக்க முன்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் வீட்டுக்குள் தங்கும் புகை பற்றியவற்றை இந்த முறை ஒன்றாக எடுத்திருக்கிறேன்.

கேள்வி: 2022 இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது விறகு அடுப்புக்கு மாறினோம். இப்போது கேஸ் கிடைத்தாலும் சோறும் கறியும் விறகில்தான். குசினி வீட்டோடு சேர்ந்தது. புகை ஹோலுக்குள் வந்து, அலுமாரியில் மடித்து வைத்த உடுப்புக்கூட மணக்கிறது. டவுனில் ஒரு கடையில் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷினைக் காட்டி, "இதைப் போட்டால் புகையும் போகும், மணமும் போகும்" என்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகி, ஆரையம்பதி

பதில்: குசினிப் புகைக்காக அதை வாங்காதீர்கள். காசு வீணாவது ஒரு பக்கம். புகை போய்விட்டது என்று நம்பிக்கொண்டு அதற்குள்ளேயே இருப்பீர்கள் என்பதுதான் என் பெரிய கவலை.

விறகுப் புகையில் இரண்டு வகைச் சாமான் கலந்திருக்கிறது. ஒன்று, சுவரில் கரியாகப் படிகிற நுண்துகள். மற்றது வாயுக்கள். மணம் பெரும்பாலும் வாயுவில்தான் வருகிறது. மெஷினில் இருக்கும் ஹெப்பா ஃபில்டர் துகளைப் பிடிக்கும். உண்மையான ஹெப்பா என்றால் 0.3 மைக்ரோன் துகளில் 99.97 வீதத்தை மறிக்கும். பெட்டியில் "ஹெப்பா டைப்" என்று போட்டிருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. வாயு இந்த ஃபில்டருக்கு ஊடாக அப்படியே போய்விடும். அதைப் பிடிக்க அக்டிவேட்டட் கார்பன் வேண்டும்.

அந்தக் கார்பன் நமக்கு அந்நியமான பொருளல்ல. தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்து இலங்கையே செய்து ஏற்றுமதி செய்கிறது. கரியை 900 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் நீராவி செலுத்திப் பதப்படுத்தும்போது உள்ளே கோடிக்கணக்கான நுண்துளைகள் விழுகின்றன. மணம் போய் ஒட்டுவது அந்தத் துளைகளில்தான். வீட்டில் எரித்த சிரட்டைக் கரியைக் கூடையில் போட்டு மூலையில் வைத்தால் அந்த வேலை நடக்காததற்குக் காரணமும் இதுவே. விலை குறைந்த மெஷின்களில் கார்பன் என்று இருப்பது பெரும்பாலும் கறுப்புத் தூள் தடவிய ஒரு மெல்லிய வலை. தினமும் விறகு எரிகிற வீட்டில் அது கெதியாகவே நிரம்பிவிடும். கடையில் "கார்பன் எத்தனை கிராம் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால், மணம் போகும் என்ற வாக்குறுதியையும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. விறகு எரியும்போது வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஹெப்பாவும் அதைப் பிடிக்காது, கார்பனும் பிடிக்காது. ஆகவே புகை வெளியே போகத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

அது எப்படிப் போகிறது என்று முதலில் பாருங்கள். அடுப்பு எரிகிற நேரம் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, குசினிக்கும் ஹோலுக்கும் நடுவிலுள்ள கதவு நிலையில் பிடியுங்கள். பத்திப் புகை குசினிப் பக்கம் சாய்ந்தால் நல்லது. ஹோல் பக்கம் சாய்ந்தால், காற்று உங்கள் குசினியை வீட்டுக்குள் தள்ளுகிறது. நிலையின் மேல்பகுதியிலும் கீழேயும் வேறுவேறாகப் பிடித்துப் பாருங்கள். சூடான புகை மேலால் நழுவி வருவது அப்போது தெரியும். குசினி வீட்டுக்கு மேற்கே இருந்தால் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நிலைமை மோசமாக இருக்கும். வடக்குப் பக்கமிருந்து வரும் வாடை தொடங்கினால் நேர்மாறாகத் திரும்பும். எனவே எக்ஸோஸ்ட் ஃபேன் பூட்டுவதானால் இந்த இரண்டு காற்றுக்கும் நேர்முகமில்லாத சுவரைத் தெரிவு செய்யுங்கள். தெற்குச் சுவர் கிடைத்தால் நல்லது. காற்றுக்கு முகம் கொடுத்த ஃபேன், எடுத்த புகையைத் திருப்பி உள்ளே ஊதும்.

ஃபேனின் அளவை அங்குலத்தில் மட்டும் கேட்காதீர்கள். மணிக்கு எத்தனை கனமீற்றர் காற்றை இழுக்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரக் குசினிக்கு 425 கனமீற்றராவது வேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் காற்று மணிக்குப் பதினைந்து தடவை மாறும். அடுப்புக்குக் கிட்ட வருவதால் இரும்பு இறக்கை உள்ளதாக எடுங்கள். ஃபேன் ஓடும்போது எதிர்ப் பக்கத்தில் ஒரு யன்னலோ கதவோ திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் இழுப்பதற்குக் காற்று எங்கே?

ஆனால் விறகு அடுப்புக்கு ஃபேன் இரண்டாம் இடம்தான். மேசன் ஒருவரைப் பிடித்து அடுப்புக்கு மேல் ஒரு கூம்பும், கூரை முகட்டுக்கு மேல் 2 அடியாவது உயரும் புகைபோக்கியும் கட்டுவியுங்கள். முகட்டுக்குக் கீழே நின்றுவிட்ட புகைபோக்கியில் புகை கூரையில் மோதி ஓட்டிடுக்கால் திரும்பி வரும். விறகை மழையில் நனையாமல் அடுக்கிக் காயவைத்து எரியுங்கள். ஈர விறகு போல வீட்டைப் புகையால் நிரப்புவது வேறில்லை. அனகி அடுப்பு என்று நம் நாட்டிலேயே உருவான களிமண் அடுப்புக்கு விறகு குறைவாகச் செல்லும், ஆனால் அதற்கும் புகைபோக்கி தேவை. அடுப்பு மூட்டச் சொப்பிங் பேக்கைக் கொளுத்தும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். உடுப்பில் ஏறுகிற மணத்தில் அதற்கும் பங்குண்டு, அந்தப் புகை விறகுப் புகையைவிடக் கெட்டது.

கேள்வி: வாடகைக்கு எடுத்த வீட்டில் முன்பிருந்தவர் நன்றாகச் சிகரெட் பிடிப்பவராம். புது பெயின்ட் அடித்தும் மணம் போகவில்லை. சுவரில் மஞ்சளும் திரும்ப வருகிறது. கடையில் ஓசோன் மெஷின் சொல்கிறார்கள்.
— வாசகர், கல்முனை

பதில்: ஓசோன் வேண்டாம். மணத்தை அடக்கும் அளவுக்கு ஓசோன் விட்டால் அது நுரையீரலைப் புண்ணாக்கும் அளவாகவும் இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் நினைத்தும் பார்க்காதீர்கள்.

நிக்கொட்டினும் தாரும் சுவரில் பசைபோலப் படிந்திருக்கின்றன. கழுவாமல் மேலே எமல்ஷன் அடித்தால் நீர்த்தன்மையில் கரைந்து மேலே வந்துவிடும். நீங்கள் காணும் மஞ்சள் அதுதான். கையுறை போட்டு, சுடுதண்ணீரில் சவர்க்காரத் தூள் கரைத்து, சுவரைக் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து கழுவினால் வழிகிற அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு விழுத்தும். நன்றாகக் காய்ந்த பின் கறையை மறைக்கும் எண்ணெய்ப் பிரைமர் ஒரு கை, அதற்கு மேல் பெயின்ட். சுண்ணாம்பு அடித்த சுவரானால் கழுவ முடியாது, சுரண்டத்தான் வேண்டும். பெயின்டைவிட முதலில் பிரைமருக்குச் செலவழியுங்கள் என்பேன்.

சீலிங் ஃபேன் இறக்கையின் மேல்பக்கம், யன்னல் வலை, ஏசி இருந்தால் அதன் ஃபில்டரும் கொயிலும், எல்லாம் மணம் பிடித்து வைத்திருக்கும். மெத்தையையும் குஷன் கதிரையையும் அவர் விட்டுப் போயிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வினாகிரி போட்டுத் துடைக்கலாம். ஆனால் பிளீச்சோடு ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். மணம் வீசும் ஸ்பிரே வாங்குகிற காசை இந்த வேலைக்கு வைத்திருங்கள்.

கேள்வி: மகனுக்கு இழுப்பு. டெங்குப் பயத்தில் இரவில் நுளம்புச் சுருள் கொளுத்துகிறோம். புகை குறைந்த சுருள் எது?
— தாய், அக்கரைப்பற்று

பதில்: இழுப்புள்ள பிள்ளையின் அறையில் எந்தச் சுருளும் வேண்டாம். சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்து 2003 இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருளிலிருந்து வரும் நுண்துகள் 75 தொடக்கம் 137 சிகரெட்டுக்குச் சமம் என்றது. நுளம்பு வலை வாங்குங்கள், யன்னலுக்கும் வலை அடியுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. பிள்ளை பகலில் தூங்கும்போதும் வலை வேண்டும். சாம்பிராணி போடுவதானால் பிள்ளை வெளியே விளையாடும் நேரம் போட்டு, யன்னலைத் திறந்து, புகை கலைந்த பின் உள்ளே விடுங்கள்.

கேள்வி: அறுவடை முடிந்தால் சுற்றிலும் வைக்கோல் எரிக்கிறார்கள். அம்மாவுக்கு மூச்சு முட்டு. எங்களுக்கும் அந்த மெஷின் வேண்டாமா?
— வாசகர், சம்மாந்துறை

பதில்: உங்களுக்கு வேண்டும். புகை வெளியிலிருந்து வருகிறது, அதை நிறுத்த உங்களால் முடியாது, ஓர் அறையை மூடிவைக்க முடியும். மெஷின் தன் விலைக்கு உழைப்பது இப்படியான இடத்தில்தான். அம்மாவின் அறை 12 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி என்றால், புகைக்கான சுத்தக் காற்று அளவு (CADR, அதாவது மெஷின் சுத்தம் செய்து வெளிவிடும் காற்று) மணிக்கு 200 கனமீற்றருக்குக் குறையாததாக எடுங்கள். மாற்று ஃபில்டர் இங்கே கிடைக்குமா, என்ன விலை என்பதை மெஷின் வாங்க முன்பே கேளுங்கள். 45 வாட் மெஷின் தினம் 8 மணிநேரம் ஓடினால் மாதம் 11 யூனிட்டுக்குள் வரும். எரிப்பு ஓய்ந்ததும் யன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு வருட வாரண்டியோடு வாங்கிய மெஷின் இரண்டாம் மாதமே நின்றுவிட்டது. கடை கொம்பனியைக் காட்டுகிறது, கொம்பனி கடையைக் காட்டுகிறது.
— வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: இனி வாயால் பேசிக் கொண்டிருக்காதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, வாரண்டிக்கு ஒவ்வாத பொருள் பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் போக வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் கடந்துவிட்டது, ஆகவே இந்த வாரமே எழுதுங்கள். பற்றுச்சீட்டு, வாரண்டி அட்டை இரண்டின் பிரதியையும் இணைத்து, எந்தத் திகதியில் கடைக்குப் போனீர்கள், என்ன சொன்னார்கள் என்பதையும் சேருங்கள். எங்கே கொடுப்பது என்று கேட்க 1977 க்கு அழைக்கலாம்.

பற்றுச்சீட்டு இல்லையென்றால் இன்றே கடைக்குப் போய் ஒன்று கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை.