ஒரு புள்ளி வித்தியாசத்தில்

அன்புள்ள ஐயா,

சென்னை சிட்டி அணி இந்தியாவின் தேசியக் கால்பந்துத் தொடரான ஐ-லீக்கை 2018-19இல் வென்றதைத் தமிழ்நாட்டுக் கால்பந்தின் பெரிய நாள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குள் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வந்துவிட்டதே, அப்புறம் எப்படி ஐ-லீக் முதல் நிலை ஆகும்? கோல் போட்டதும் வெளிநாட்டுக்காரர்கள்தானே?

வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அந்த சீசனில் இரண்டு லீக்கும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. ஆனால் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கான இடம் ஐ-லீக் சாம்பியனுக்குத்தான். ஐ.எஸ்.எல். மட்டுமே முதல் நிலை என்று ஆனது அதற்கு அடுத்த சீசனில்.

இரண்டாவது கேள்விக்கு, சீசனின் கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். நான் கேலரியில் இருந்தேன். எதிரணி மினர்வா பஞ்சாப், முந்தைய ஆண்டின் சாம்பியன். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள், மூன்றாவது நிமிடத்திலேயே அவர்கள் கோல் போட்டுவிட்டார்கள். அதே நேரத்தில் கோழிக்கோட்டில், ஒரே ஒரு புள்ளி பின்னால் கோப்பைக்குத் துரத்திக்கொண்டிருந்த கொல்கத்தா அணியான ஈஸ்ட் பெங்கால், கேரளத்தின் கோகுலம் அணியோடு ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் ஒரு கண்ணை மைதானத்திலும் ஒரு கண்ணைப் பேரன் கையிலிருந்த போனிலும் வைத்திருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு பெனால்டியில் எங்கள் வெளிநாட்டு வீரர் பெத்ரோ மான்சி சமன் செய்தார். அந்த சீசனில் அவர் அடித்தது 21 கோல், அதை யார் மறுக்க முடியும்? ஆனால் அன்று முன்னிலை தந்த இரண்டாவது கோல் இந்திய வீரர் கௌரவ் போராவுடையது. கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் இரண்டு கோல் போட்டு முந்திவிட்டது என்று போன் சொன்னது. இனி மினர்வா ஒரு கோல் போட்டாலே கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். பெரியவர் போனைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். கூடுதல் நேரத்தில் போரா இன்னொன்று அடித்தபோதுதான் எழுந்து நின்றார். 3-1. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர், தாக்குதலில் ஸ்பெயின்காரர்கள், சரி. ஆனால் எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம் பையன்களும் அந்த அணியில்தான் இருந்தார்கள். எட்வின் அங்கிருந்து 'சென்னையின் எஃப்.சி.' என்ற ஐ.எஸ்.எல். அணிக்கும் ரொமாரியோ எஃப்.சி. கோவா அணிக்கும் போனார்கள். அதற்கு முன்பு தமிழ்நாட்டு கிளப் எதுவும் ஐ-லீக்கை வென்றதில்லை.