கேள்வி நேரம்: கூவத்துக்கு ஒரு வீடியோ

வாசகி, ஈரோடு: ஆற்றை வீடியோ எடுத்து, இருட்டறைச் சுவர் முழுக்க ஓடவிட்டு, கலை என்கிறார்களே. கூவத்தைப் பார்க்க ஹால் எதற்கு? பஸ்ஸில் போனால் தெரியாதா?

தெரியாது. பாலம் வந்ததும் மூக்கைப் பொத்துவோம், கார் என்றால் கண்ணாடியை ஏற்றுவோம், அதோடு சரி. பூங்கா நகரிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குப் பறக்கும் ரயிலில் போகிறவர்கள் தினமும் கூவத்தைத் தாண்டுகிறார்கள், போனிலிருந்து தலையைத் தூக்குபவர் எத்தனை பேர்? வீடியோ கலைஞர் கேமராவை ஓரிடத்தில் நட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார், நம்மால் முடியாதது அதுதான். நேப்பியர் பாலத்தருகே அப்படிக் கொஞ்ச நேரம் நின்றால், ஆகாயத்தாமரைத் திட்டு கடலுக்குப் போகாமல் ஊருக்குள் திரும்பி வருவதைப் பார்க்கலாம். கடல் ஏறும் நேரம் அது. முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் அந்தப் போக்குவரத்தும் நின்று தண்ணீர் கறுத்துக் கிடக்கும், பொக்லைன் வந்து தோண்டும், மறுபடி மூடும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்குக் கட்டிய சுவர், தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்தது. நமக்கு அகலமான மெரினா கிடைத்தது, கூவத்துக்கு வாயடைப்பு.

வாசகர், தேனி: கூவத்தில் குளித்தார்களாமே?

பச்சையப்ப முதலியார் கோமளீஸ்வரன்பேட்டையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனவர். அது 18ஆம் நூற்றாண்டு. இப்போது முயல வேண்டாம்.

வாசகர், அரக்கோணம்: ஆற்றை வைத்துச் சென்னையில் யாராவது கலைக் கண்காட்சி நடத்தியிருக்கிறார்களா?

2018இல் ஜெர்மன் கலாச்சார மையமான மாக்ஸ்முல்லர் பவன் ஆறுகளைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. பொறுப்பாளர்கள் ரவி அகர்வால், ஃப்ளோரியன் மாட்ஸ்னர். கூவக் கரையில்தான் முதலில் திட்டம். அனுமதி கிடைக்காமல், கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமிக்குள் போனது. இத்தனைக்கும் ஆறு அங்கிருந்து கூப்பிடு தூரம்! 2011இல் இதே ரவி அகர்வால் டெல்லியில் யமுனைக் கரையிலேயே நடத்திக் காட்டியவர். நான் கரைக் கட்சி. ஏசி ஹாலில் நாற்றம் கழிந்து அழகு மட்டும் மிஞ்சுகிறது, சாக்கடை நுரைகூடத் திரையில் பளபளவென்று இருக்கும், நாமும் 'அட' என்போம். கரையில் திரை கட்டினால் மூக்கையும் கூட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

வாசகர், திருவள்ளூர்: அந்தப் பணத்தில் ஆற்றைச் சுத்தம் செய்யலாமே?

ஒரு புரொஜெக்டர் வாடகைக்கு ஒரு சாக்கடைக் குழாய்கூட அடைபடாது. அது அரசாங்கம் பார்க்க வேண்டிய செலவு. ஆற்றுக்குப் பெயர் கொடுத்த கூவம் கிராமமே உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது, சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் என்ற சிவத்தலம் அதுதான். ஒரு திரையில் அந்த ஊர், எதிர்த் திரையில் சிந்தாதிரிப்பேட்டை என்று யாராவது ஓடவிட்டால் முதல் ஆளாக வருவேன். எடுப்பவர்கள், ஆற்றோரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களிடம் முதலில் பேசட்டும். மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறும் என்று சொல்ல அவர்களை விட்டால் ஆள் இல்லை.