ஆஸ்லோவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம்: மதுரைத் தங்கைக்கு

மதுரையில் பி.எல். முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு சீனியரிடம் ஜூனியராக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் படிக்கலாமா, கோடிங் தெரியாதே, முடித்தால் அங்கேயே வக்கீல் ஆகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், பலர் அதை நம்பித்தான் கடன் வாங்குகிறார்கள். இந்த எல்.எல்.எம். (சட்ட முதுகலைப் படிப்பு) ஒன்றரை வருடம், 90 கிரெடிட், ஆங்கிலவழி. இதை மட்டும் வைத்துக்கொண்டு நார்வே கோர்ட்டில் வாதாட முடியாது. அதற்கு இந்த நாட்டுச் சட்டப் படிப்பு தனியாக வேண்டும். நார்வேயில் படிப்பு இலவசம் என்று யாராவது சொன்னால் அதுவும் பழைய கதை. 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்கள் கட்டணம் கட்ட வேண்டும்.

சரி, அப்படியானால் ஏன் ஆஸ்லோ? கணினியும் சட்டமும் சேரும் இடத்தை ஆராய இங்கே 1970லேயே ஒரு மையம் தொடங்கிவிட்டார்கள். அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான யூன் பிங் சட்டப் பேராசிரியர், அறிவியல் புனைகதையும் எழுதியவர். இன்னும் வராத ஒன்றை யோசித்துப் பார்க்கும் அந்தப் பழக்கம்தான் இந்தத் துறைக்கே உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோடிங் வேண்டாம். ஆனால் தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். நான் முதல் பருவத்தில் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளை, ஊரில் பேர் ஆக்ட், அதாவது சட்டத்தின் மூல வாசகத்தை, மனப்பாடம் செய்வதுபோல உருப்போட்டேன். முதல் கட்டுரை திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரே கேள்வி: "இந்தத் தகவல் யார் கையில் இருக்கிறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம்தான் ஒவ்வொரு வழக்குக்கும் தாளில் படம் போட ஆரம்பித்தேன்.

கிரைண்டர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாகத் தன்பாலீர்ப்பாளர்கள் பயன்படுத்தும் அந்த டேட்டிங் செயலி, பயனர்களின் முறையான ஒப்புதல் இல்லாமல் அவர்களுடைய விவரங்களை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்று நார்வே நுகர்வோர் கவுன்சில் 2020இல் புகார் செய்தது. தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் விதித்த அபராதம் 6.5 கோடி நார்வே குரோனர். செயலியைத் திறந்ததும் எந்தெந்த நிறுவனத்துக்கு எது போகிறது என்று புரியாமல் அதில் ஒரு வாதமும் எழுத முடியாது. ஒருவர் அந்தச் செயலியில் இருக்கிறார் என்பதே அவருடைய பாலியல் நாட்டத்தைக் காட்டிவிடும் அல்லவா? ஆணையம் அதையும் பிடித்துக்கொண்டது.

வேலை என்றால், நிறுவனங்களுக்குள் தரவுப் பாதுகாப்பைப் பார்க்கும் பொறுப்புகள் உண்டு. அரசு அலுவலகங்களில் நார்வே மொழி இல்லாமல் மிகவும் கஷ்டம். அதனால் வந்த வாரத்திலேயே மொழி வகுப்பில் சேருங்கள். நான் ஒரு வருடம் தள்ளிப்போட்டேன், அதற்கு இன்றும் வருந்துகிறேன். ஊருக்குத் திரும்பினாலும் படிப்பு வீண் போகாது. நம் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் தகவலைக் கையாளும் சென்னை அலுவலகங்களுக்கு இரண்டு சட்டமும் புரிந்தவர்கள் தேவை.

விண்ணப்பிக்கும் முன் கிரைண்டர் முடிவை முழுதாகப் படியுங்கள், ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. படித்துவிட்டு இரவு தூக்கம் வராமல் யோசித்தால், எனக்கு எழுதுங்கள்; விண்ணப்பக் கடிதத்தை இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.