சோறும் மீன் சொதியும் மட்டும் உண்ணும் சிறிய நாயின் முடி ஏன் மங்கி உதிர்கிறது?

திருகோணமலையில் 4 கிலோ எடையுள்ள பொமரேனியன் வளர்ப்பதாகவும், சோறும் மீன் சொதியும் கொடுத்து வருவதாகவும் எழுதியுள்ளீர்கள். முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்னும் புரதமே. உடலுக்குக் கிடைக்கும் புரதத்தில் கணிசமான பங்கைத் தோலும் முடியும் எடுத்துக்கொள்வதால், சோறு அதிகமாகவும் மீன் பெயரளவிலும் இருக்கும் தட்டில் முதலில் மங்குவது முடிதான்.

அதைவிட எனக்குக் கவலை தருவது சொதியே. அதிலுள்ள வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. வேகவைத்தாலும் அந்த நச்சுத்தன்மை போவதில்லை. தேங்காய்ப்பாலின் கொழுப்பும் சிறிய இன நாய்களின் கணையத்துக்கு ஆகாது.

மீனை நிறுத்த வேண்டியதில்லை. நம் கடற்கரையில் கிடைக்கும் சூடை மீனில் தோலின் அழற்சியைத் தணிக்கும் ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. உப்பும் புளியும் சேர்க்காமல் அவித்து, முள் நீக்கி, உதிர்த்துக் கொடுங்கள். பச்சையாகக் கொடுத்தால் அதிலுள்ள நொதியொன்று வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். கருவாடு வேண்டாம், அது எவ்வளவு கெஞ்சினாலும்!

மீனும் சோறும் மட்டும் கல்சியத் தேவையை நிறைவு செய்யாது என்பதால், முழுமையான நாய் உணவொன்றை அடிப்படையாக வைத்து, அவித்த மீனை நாளாந்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் சேர்ப்பதே பாதுகாப்பானது. உணவை ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். முடியில் மாற்றம் தெரிய 6 முதல் 8 வாரங்கள் ஆகலாம். இதற்கிடையில் வால் அடியில் முடியை விலக்கிப் பாருங்கள்: மிளகுத்தூள் போன்ற கரும்பொடி தெரிந்து, அது ஈரப்பஞ்சில் செந்நிறமாகக் கரைந்தால், காரணம் தெள்ளுப்பூச்சி, அதற்கு மிருக வைத்தியரிடம்தான் செல்ல வேண்டும்.