கல்யாணம் ஆகாத பெண் தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் இருக்கிறது. எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி முடித்து, திருச்சியில் பள்ளி ஆலோசகராக இருக்கும் மகள், இப்போது தம்பதி, குடும்ப சிகிச்சைப் பயிற்சிக்குப் பணம் கட்டப் போகிறேன் என்கிறாள். கல்யாணமே ஆகாதவள் முன்னால் எந்தப் புருஷன் பெண்டாட்டி வந்து உட்காருவார்கள் என்பது ஒன்று. கட்டுகிற பணத்துக்குப் பலன் உண்டா என்பது இன்னொன்று.

முதலாவதை நினைத்துக் கவலை வேண்டாம். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று வருகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். "இல்லை. உங்கள் நிலைமை எனக்குப் புரியாதோ என்று தோன்றுகிறதா?" என்று நிதானமாகத் திருப்பிக் கேட்கப் பழகிவிட்டால் போதும், பேச்சு அங்கேயே தொடங்கிவிடும். சொந்தக் கல்யாண அனுபவத்தை வைத்துப் புத்தி சொல்ல வீட்டில் அத்தையும் மாமாவும் இருக்கிறார்கள். அது பலிக்காததால்தான் வெளியாளைத் தேடி வருகிறார்கள்.

சரி, ஏற்கெனவே ஆலோசகர்தானே, மேலே எதற்குப் பயிற்சி? உங்கள் மகள் இதுவரை படித்ததில் பெரும்பகுதி ஒருவர் எதிரே ஒருவராக உட்கார்ந்து கேட்பது. இரண்டு பேர் வந்து உட்கார்ந்ததும் கணக்கு மாறிவிடும். மனைவி பேசும்போது இவள் தலையாட்டினால், 'இந்தப் பெண்ணும் அவள் பக்கம்தான்' என்று கணவர் முடிவு கட்டிவிடுவார். அடுத்த வாரம் ஒருவர் தனியாக போன் செய்து, "அவரிடம் சொல்லிடாதீங்க" என்று ஒரு ரகசியத்தைச் சொல்வார். அதைக் காப்பதா, கூடாதா? முதல் நாளே இதற்கு விதி பேசி வைக்காவிட்டால் மாட்டிக்கொள்வாள்.

கேள்வி கேட்கும் விதமே வேறு. இத்தாலியின் மிலான் நகரத்துக் குழு ஒன்று வளர்த்த முறை இன்றும் கற்றுத் தரப்படுகிறது. "உங்களுக்கு ஏன் கோபம்?" என்று மருமகளைக் கேட்பதில்லை. "மாமியார் பேசாமல் இருக்கும் நாளில் உங்கள் கணவர் என்ன செய்வார்? அதைப் பார்த்து மகன் என்ன செய்வான்?" என்று கேட்பார்கள். குற்றவாளியைத் தேடுவதை விட்டு, வீட்டில் எது எதைத் தூண்டுகிறது என்று எல்லோரும் பார்க்கத் தொடங்குவார்கள்.

அப்புறம், உங்கள் வீட்டுக்கே வரப்போகிற ஒரு விஷயம். முர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வழியில் வந்த குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் பெருக்கல் குறி, விவாகரத்துக்கு இரண்டு சாய்ந்த கோடு, தீராத சண்டைக்கு நெளிகோடு. குறைந்தது மூன்று தலைமுறைக்குப் போடுவார்கள். பயிற்சிக்கு வருகிறவர்களைப் பெரும்பாலும் முதலில் தங்கள் குடும்பத்தையே வரையச் சொல்வார்கள். எனவே, "சித்தப்பா ஏன் நம்ம வீட்டுக்கு வர்றதில்லை?" என்று ஒரு நாள் கேட்பாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது வீட்டுப்பாடம்.

பணத்துக்கு வருவோம். விளம்பரங்களில் வார இறுதிச் சான்றிதழ்கள் நிறைய. அவற்றில் சில நல்லவையும்கூட. தம்பதி சிகிச்சைக்கான காட்மன் முறையின் முதல் நிலை இரண்டு நாள். சூ ஜான்சன் உருவாக்கிய உணர்வு மையத் தம்பதி சிகிச்சையின் தொடக்கப் பயிற்சி நான்கு நாள். ஆனால் இவை வாசற்படிதான். இரண்டிலுமே முழுச் சான்று பெற, தான் நடத்திய அமர்வுகளைப் பதிவு செய்து மூத்தவர்களிடம் காட்டியாக வேண்டும். காசு கொடுக்க வேண்டியது அந்தக் கட்டத்துக்குத்தான் என்பது என் கருத்து. நல்ல மையங்களில் ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் ஆசிரியர் உட்கார்ந்து பார்ப்பார். தேவைப்பட்டால் நடுவில் போன் செய்து, "கணவர் ஏதோ சொல்ல வந்தார், விட்டுவிட்டாய்" என்பார். ஓட்டுநர் பள்ளிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் இருப்பது போல. இதில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய எண்ணிக்கை ஒன்றே: மேற்பார்வையில் எத்தனை மணி நேரம்?

மகளை அந்த நிறுவனத்துக்கு போன் செய்யச் சொல்லுங்கள். உண்மையான தம்பதிகளைப் பார்க்க வைப்பீர்களா, நடிப்புப் பயிற்சியோடு முடித்துவிடுவீர்களா? மேற்பார்வையாளர் இன்றைக்கும் தம்பதிகளைப் பார்க்கிறவரா? அடிதடி உள்ள வீட்டை எப்படிக் கையாளக் கற்றுத் தருவீர்கள்? கடைசிக் கேள்வியை விடக் கூடாது. ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழும் வீட்டில், இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினால், பேசியதற்காக வீட்டில் அடி விழலாம். அதனால் ஆரம்பத்திலேயே இருவரையும் தனித்தனியாகவும் சந்தித்து விசாரிக்க வேண்டும். இதற்குத் தடுமாறுகிற இடத்தில் சேர வேண்டாம்.

வேலை நிலவரத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தியாவில் தம்பதி சிகிச்சையாளர் என்று தனி உரிமம் கிடையாது. ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு மருத்துவ உளவியலாளர் போன்றோருக்கானது. இந்தச் சான்றிதழால் அது கிடைக்காது. 2021ஆம் ஆண்டின் துணைநிலை, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உளவியலாளர்களையும் பலவகை ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதனால் எம்.எஸ்சி. சான்றிதழ்களையும் பயிற்சி மணி நேரப் பதிவுகளையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர்களை அமர்த்த 1984ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. மருத்துவமனை மனநலப் பிரிவுகளும் உண்டு. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் குடும்பங்களுக்கென்றே தனிப் பிரிவு நீண்டகாலமாக இயங்குகிறது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு உறவினரும் தங்குவது பழைய வழக்கம்.

மாப்பிள்ளை வெளிநாட்டில் அமைந்தால்? இங்கே வாங்கும் சான்றிதழை அங்கே உரிமமாக ஏற்க மாட்டார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கலிஃபோர்னியாவில் 3,000 மணி நேர மேற்பார்வை அனுபவம் கேட்பார்கள். பிரிட்டனில் குடும்ப சிகிச்சையாளராக முழுத் தகுதி பெறப் பொதுவாக நான்கு ஆண்டு ஆகும்.

பள்ளி வேலையை இப்போது விட வேண்டாம். தம்பதிகள் வருவது பெரும்பாலும் அலுவலகம் முடிந்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையோதான், இரண்டும் ஒத்துப்போகும். முதலில் சம்பளத்திலிருந்தே ஒரு குறுகிய பயிற்சி முடிக்கட்டும். அதன் பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால், மேற்பார்வையுள்ள நீண்ட பயிற்சிக்குத் தவணையில் கட்டலாம். கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பணத்தைத் தொட வேண்டிய அவசியம் வராது.